கருவின் மூளைக்கு முதல் 28 நாள்

கம்பம், கூடலூர், போடி பக்கத்துப் பெண்கள் பலர் விடியும் முன்பே ஜீப் ஏறி, இடுக்கி மலையிலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். அதனால் நாள் தள்ளிப்போனாலும், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தக் கொஞ்ச நாளில்தான் கருவின் மூளைக்கு அடித்தளம் அமைகிறது.

நரம்புக்குழாய்

கரு உருவான மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப்புறத்தில் செல்கள் தட்டையான படலமாகத் தடிக்கும். படலத்தின் இரு ஓரங்களும் எழும்பி ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகும். மேல்பகுதி மூளையாகவும், மீதி தண்டுவடமாகவும் வளரும். ஏறத்தாழ 28-ஆம் நாளில் குழாய் முழுவதும் மூடிவிடும். அப்போது தாய்க்கு நாள் தள்ளி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்.

மேல்முனை மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேல்பகுதியும் உருவாகாது. அந்தக் குழந்தை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவு விழும். கால்கள் செயலிழக்கலாம், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போகலாம், தலையில் நீர் கோர்க்கலாம்.

மூளையின் பகுதிகள்

நான்காவது வாரத்திலேயே குழாயின் மேல்பகுதி முன்மூளை, நடுமூளை, பின்மூளை என மூன்றாகப் புடைக்கும். முன்மூளையிலிருந்து வளரும் பெருமூளைதான் சிந்தனை, பேச்சு, நினைவு எல்லாவற்றுக்கும் இடம். பின்மூளையிலிருந்து வரும் சிறுமூளை நடையையும் சமநிலையையும் பார்த்துக்கொள்ளும். முகுளம் மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும். வளர்ந்தவரின் மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் எடை. அதில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள்.

இந்த வளர்ச்சியை நுணுக்கமாகக் காட்டும் 'தரணி' என்ற முப்பரிமாண வரைபடத்தைச் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டது. நான்கு முதல் ஆறு மாதம் வரையிலான கருக்களின் மூளையை 5,132 நுண்சீவல்களாகப் படமெடுத்து உருவாக்கியது அது.

போலிக் அமிலத்தின் பலன்

நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மாரிடம் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991-இல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் என்ற வைட்டமின் சத்தை எடுத்தவர்களுக்கு அக்குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது.

இந்தச் சத்துள்ள முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை நம் ஊரில் தாராளம். தினமும் சாப்பிடுங்கள். ஆனால் வேகவைக்கையில் இச்சத்து நிறைய வீணாகும். மாத்திரையும் கட்டாயம் தேவை.

செய்ய வேண்டியவை

• குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, மூன்று மாதக் கர்ப்பம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமில மாத்திரை எடுக்க வேண்டும்.

• முந்தைய குழந்தைக்கு இக்குறை இருந்தாலோ, சர்க்கரை நோயோ வலிப்போ இருந்தாலோ முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள், மாத்திரையின் அளவு மாறும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையிலிருந்து விலகியிருங்கள்.

• நாள் தள்ளியதும் பரிசோதித்து, 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் குறைகளைக் கண்டறியும் ஸ்கேன் அவசியம்.

கல்யாணமான வீட்டில் விசேஷம் உண்டா என்று விசாரிக்கும் மாமியார்களும் அம்மாக்களும், மாத்திரை போடுகிறாயா என்று முதலில் கேளுங்கள். ஊர் செவிலியரிடம் மருமகளைக் கூட்டிப் போங்கள். குழந்தையின் மூளைக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி இதுதான்.