விமானிக்கு எப்போது ராத்திரி?

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் கூடினால் ‘கரன்சி’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். பேச்சு பணத்தைப் பற்றியது அல்ல. அங்கே விமானி லைசென்ஸுக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான். ஆனால் வாங்கியவரின் கை இன்னும் பழக்கத்தில் இருக்கிறதா? ‘கரன்சி’ அந்தக் கேள்விக்கான பெயர்.

பகலுக்கு விதி எளிது. கடந்த 90 நாட்களுக்குள் மூன்று முறை ஏறி, மூன்று முறை இறங்கியிருந்தால் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கலாம். சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் அப்படியே மறுபடி எழும்பினாலும் பெரும்பாலான விமானங்களில் அது கணக்கில் சேரும். ராத்திரிக்கு அந்தச் சலுகை இல்லை. அதே 90 நாட்கள், அதே மூன்றுதான். ஆனால் மூன்றும் இருட்டில் நடந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் விமானம் முழுதாக நின்றிருக்க வேண்டும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் இறங்கிய கணக்கு இரட்டை எஞ்சினுக்குச் செல்லாது. அக்டோபர் 1 ராத்திரி மூன்று முறை இறங்கியவருக்கு டிசம்பர் 30 வரை அனுமதி. மறுநாள் ராத்திரி புத்தாண்டு வாணவேடிக்கையை மேலிருந்து காட்டுகிறேன் என்று வீட்டாரை அழைத்துப் போனால் குற்றம்.

சரி, ராத்திரி எப்போது தொடங்குகிறது? நம் பழைய இலக்கணக்காரர்கள் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்து, மாலை வேறு யாமம் வேறு என்று வைத்தார்கள். அமெரிக்க விமானச் சட்டமும் ஏறக்குறைய அந்தப் புத்தியோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. அதில் இருட்டுக்கு மூன்று தொடக்கங்கள். சூரியன் மறைந்ததும் இறக்கை நுனி விளக்குகள் எரிய வேண்டும்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கி அந்தி வெளிச்சம் தீர்ந்த பிறகு பறக்கும் நேரத்தைத்தான் லாக் புக்கில் ‘இரவு’ என்று எழுதலாம். மூன்று தரையிறக்கக் கணக்குக்கோ சூரியன் மறைந்து முழுசாக ஒரு மணி நேரம் கழிய வேண்டும். மறுநாள் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அது முடிந்தும் விடும். ஆறரை மணிக்குச் சூரியன் மறைகிற ஊரில் ஏழேகாலுக்கு இறங்கியவர், ராத்திரியில் பறந்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். ராத்திரியில் இறங்கினேன் என்று கணக்குக் காட்ட முடியாது. படிக்கிற மாணவர்கள் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ அந்த ஒரு மணி நேரம் நியாயமாகவே படுகிறது. மேற்கே கொஞ்சம் செக்கர் மிச்சமிருந்தாலும் அடிவானம் தெரியும். அடிவானம் தெரிகிற வரை அது ராத்திரிப் பயிற்சி ஆகாது.

கண்ணைக் கொஞ்சம் பார்ப்போம். கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். பகல் முகூர்த்தத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது, எல்லோரும் தலையாட்டுவார்கள். நிஜமாகவே ராத்திரியில் தேடினால், நேரே முறைத்துப் பார்க்கும்போது மங்குகிற அந்த நட்சத்திரம் சற்றுத் தள்ளிப் பார்த்தால் துலங்கும். விழித்திரையின் நடுப்பகுதியில் நிறமும் நுணுக்கமும் பார்க்கும் கூம்புச் செல்கள்தான் நெருக்கமாக இருக்கின்றன. மங்கிய ஒளியைப் பிடிக்கும் குச்சிச் செல்கள் சுற்றிலும்தான் உண்டு. அதனால் எதிரே வரும் விமானத்தைக்கூட ஓரக்கண்ணால் தேடும்படி விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்காகச் சிவப்பு டார்ச் வைத்துக்கொண்டால் வேறொரு வம்பு: வரைபடத்தில் சிவப்பு மையில் அச்சானதெல்லாம் மறைந்துபோகும்.

கண் தெரியாததைவிட, கண் பொய் சொல்வது மோசம். ஓடுபாதை விளக்குகள் மட்டும் எரிய, அதற்கு முன்னால் கடலோ காடோ கும்மிருட்டாகக் கிடந்தால், விமானிக்குத் தான் மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். இறக்குவார், இன்னும் இறக்குவார். ‘கருங்குழி’ மயக்கம் என்று இதற்குப் பெயர். போயிங் நிறுவனத்தின் கான்ராட் கிராஃப்ட் 1960களில் இதை மாதிரிக் கருவியில் வைத்துச் சோதித்தார். பழுத்த அனுபவமுள்ள விமானிகளே கண்ணை மட்டும் நம்பியபோது பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே போனார்கள். ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் வைத்திருப்பது இந்த மயக்கத்துக்கு நல்ல மருந்து. இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவு. நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம். நான்கும் சிவப்பு என்றால் உடனே மேலே ஏற வேண்டும்.

ஆளில்லாத சிறு விமான நிலையங்களில் ஓடுபாதை விளக்கை ஏற்றுவதும் விமானியின் வேலைதான். சரியான அலைவரிசையில் ரேடியோவை வைத்து, ஐந்து நொடிக்குள் மைக் பொத்தானை ஏழு முறை டக் டக்கென்று அழுத்தினால், கீழே ஒன்றுமே இல்லாத இருட்டிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் முழு ஒளியில் எழுந்து வரும். ஐந்து முறை அழுத்தினால் நடுத்தர ஒளி, மூன்று முறை என்றால் மங்கல். பதினைந்து நிமிடத்தில் தானே அணைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இறங்கி நின்ற பிறகு வெள்ளை விளக்குகளுக்கு நடுவிலிருந்து வெளியேறும் திருப்பத்தைக் கண்டுபிடித்து, நீல விளக்குகள் காட்டும் வழியில் ஊர்ந்து திரும்ப வேண்டும். முழுதாக நின்றால்தான் கணக்கு என்ற விதி இந்தப் பழக்கத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது.

விதி எண்ணுவது ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும். நடுவில் உள்ள இருட்டு அதன் கணக்கில் இல்லை. 1999 ஜூலை 16 மாலை, நியூஜெர்சியிலிருந்து முன்னாள் அமெரிக்க அதிபரின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு, மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிப் புறப்பட்டார். அவருடைய பறக்கும் அனுபவம் சுமார் 310 மணி நேரம். அதில் இரவு சுமார் 55. கடலுக்கு மேலே புகைமூட்டம், கும்மிருட்டு. மேல் எது கீழ் எது என்ற திசையுணர்வு குழம்பியதால் விமானத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியாமல் போனது என்பது விசாரணையின் முடிவு. மூவரும் இறந்தார்கள். அந்த விபத்து ஓடுபாதையை விட்டு எழும்பும்போதும் நடக்கவில்லை, தரையைத் தொடும்போதும் நடக்கவில்லை.

இன்னொன்றும் இந்த விதியில் வேடிக்கையானது. அது பயணிகளுக்குத்தான் காவல். 90 நாள் தாண்டி, பழக்கம் விட்டுப்போன விமானி, பயிற்சியாளர் துணையில்லாமல் தனியே இருட்டில் ஏறி மூன்று முறை இறங்கித் தன் உரிமையை மீட்டுக்கொள்ளலாம். சட்டம் தடுக்காது. விவரமானவர்கள் பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். ஐரோப்பிய விதி இன்னும் தாராளம்: இரவில் ஒரேயொரு முறை ஏறி இறங்கியிருந்தால் போதும், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி பெற்றவருக்கு அதுவும் வேண்டாம்.

அலாஸ்காவில் இந்தக் கணக்கெல்லாம் தடுமாறும். தனியார் விமானி லைசென்ஸுக்கே மூன்று மணி நேர இரவுப் பயிற்சியும், முழுதாக நின்ற பத்துத் தரையிறக்கங்களும் வேண்டும். ஜூன் மாதம் ஃபேர்பேங்க்ஸில் சூரியன் நள்ளிரவுக்கு மேல்தான் மறையும். மறைந்தும் அந்தி வெளிச்சம் போகாது, அதற்குள் விடிந்துவிடும். இருட்டுக்கு எங்கே போவது? அதனால் அங்கே பயின்று அங்கேயே வசிப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ‘இரவில் பறக்கக் கூடாது’ என்ற வரியோடு லைசென்ஸ் கொடுத்துவிடுவார்கள். பாக்கியை 12 மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்க்கும்வரை அந்த லைசென்ஸ் செல்லாது. டிசம்பர் வந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரத்திலேயே சூரியன் மறைந்துவிடும். பாக்கி வைத்தவர்கள் வரிசையாக விமானத்தை வெளியே எடுக்கலாம்.