சிவனொளிபாதமலையின் முக்கோண நிழல்

டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணியிலிருந்து இரவோடிரவாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி வருகிறவர்கள், விடியும் நேரத்தில் உச்சியின் கிழக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். சூரியன் தலைகாட்டியதும் "அரோகரா"வும் "சாது, சாது"வும் மணியோசையும் ஒன்றாகக் கிளம்பும். அந்தச் சில நிமிடங்களில் மேற்குப் பக்கம் போய் நிற்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். இந்த மலையின் பெயரை உலகப் புகைப்பட ஏடுகளுக்குக் கொண்டுபோன காட்சி அங்கேதான் இருக்கிறது.

மேற்கே சப்ரகமுவத் தாழ்நிலம் மூட்டத்துக்குள் கிடக்கும். அதன்மேல் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு முக்கோணம். இரண்டு பக்கமும் நேர்கோடு, நுனி அடிவானத்தில். வரைந்து வைத்ததுபோன்ற இந்த ஒழுங்குதான் பார்ப்பவரை முதலில் குழப்புகிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையிலிருந்து பார்த்தால் மலையின் உச்சி கூர்மையாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அதன் தோள்கள் சமமானவை அல்ல; மேடும் பள்ளமும் பாறை முகப்புகளுமாக இறங்குகின்றன. அந்தக் கோணல்கள் எல்லாம் நிழலில் எங்கே போயின?

ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரீஃப் தீவில் தெய்தே எரிமலை இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து எடுத்த படங்களில் அட்லாண்டிக் கடல்மேல் இதே முக்கோணம் விழுகிறது. ஜப்பானின் ஃபூஜி மலை உச்சியிலிருந்து எடுத்தாலும் அப்படியே. ஆக, முக்கோணத்தைச் செய்வது மலையின் உருவம் அல்ல, நாம் நிற்கும் இடம். ஹட்டன் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். பக்கத்தில் விலகியிருக்கும் இரண்டு இரும்புக் கோடுகளும் தூரத்தில் ஒன்றை ஒன்று நெருங்கும். சூரியக் கதிர்கள் இணையாக வருவதால் நிழலின் விளிம்புகளும் அப்படித்தான் ஓடுகின்றன. பத்துக்கணக்கான கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நிழலை அதன் தலைமாட்டில் நின்று பார்க்கிறோம். அந்த நீளத்தில் மலையின் மேடுபள்ளங்கள் மறைந்துபோய், ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் இரண்டு கோடுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. அந்தப் புள்ளி சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். முதுகில் சுடும் வெயிலிலிருந்து உங்கள் கண் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது போய்ச் சேருமிடம்தான் நிழலின் நுனி.

நிழலின் நீளத்தை நாமே கணக்குப் போடலாம். மலையின் உயரம் 2,243 மீற்றர். சூரியன் அடிவானத்துக்கு 2 பாகை மேலே இருக்கும்போது நிழல் ஏறத்தாழ 64 கிலோமீற்றர் நீளும். மேற்குக் கடற்கரையை எட்டும் தூரம். 4 பாகைக்கு ஏறியதும் அது பாதியாகிவிடும். இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே சூரியன் சரிந்து ஏறாமல் ஏறக்குறையச் செங்குத்தாகவே மேலே வருகிறது. ஒரு பாகை ஏற நான்கு நிமிடமே போதும். எட்டே நிமிடத்தில் முப்பது கிலோமீற்றருக்கு மேல் நிழல் பின்வாங்குவதை இங்கே கண்ணால் பார்க்கலாம்! குளிர்ப் பிரதேசத்தில் இதே உயரமுள்ள மலைகளில் இந்த வேகம் இல்லை.

உச்சியில் நின்று கையை உயர்த்தி ஆட்டினால் அந்த முக்கோணத்தின் நுனியில் அது தெரிவதில்லை. காரணம் சூரியனின் பருமன். வானத்தில் அது ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதால், எந்தப் பொருளின் முழு நிழலும் அதன் அகலத்தைப்போல் நூறு மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் தீர்ந்துவிடும். அரை மீற்றர் அகலமுள்ள மனிதருக்கு ஐம்பத்தைந்து மீற்றர், அவ்வளவுதான். உச்சியிலுள்ள கட்டடங்களும் அப்படியே கரைந்துபோகின்றன. கடற்கரைவரை போய்ச் சேருவது மலையின் பெரும் உடம்பு மட்டும்.

ஆனால் மூட்டம் பக்கத்திலேயே எழும்பி வரும் நாட்களில் கதை மாறுகிறது. அப்போது நிழல் தரையில் படுத்திருக்காமல் எதிரே காற்றில் எழுந்து நிற்கும். பார்ப்பவரின் தலை நிழலைச் சுற்றி வண்ண வளையம்கூடத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் இப்படி எழுந்து நிற்கும் நிழல் பெரிய புதிராக இருந்தது. வெவ்வேறு வெப்பநிலையுள்ள காற்றடுக்குகளில் ஒளி வளைவதால் வரும் கானல் தோற்றம் இது என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. ரால்ஃப் அபர்குரோம்பி என்ற பிரித்தானிய வானிலை ஆய்வாளர் தாமே உச்சியில் இரவு தங்கிப் பார்த்துவிட்டு, 1886இல் அதை மறுத்து எழுதினார். கண்முன்னே மிதக்கும் மூட்டமே திரையாகிறது, நிழல் அதன்மேல் விழுகிறது என்பது அவர் முடிவு. மூட்டம் விலகியதும் நிழல் சட்டென்று தரைக்கு இறங்கிவிடும். வண்ண வளையம், மூட்டத்திலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் உண்டாவது.

நிழல் என்றதும் தரையில் படியும் கறுப்பையே நினைக்கிறோம். மலைக்குப் பின்னால் வெயில் படாத காற்று முழுவதும் நிழல்தான். துப்புரவான காற்றில் அது கண்ணுக்குப் படாது. ஈரமும் தூசியும் கலந்த காற்றில்தான் வடிவம் எடுக்கிறது. யாத்திரைக் காலம் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழை குறைந்து, விடியற்காலையில் தாழ்நிலத்தில் மட்டும் மெல்லிய மூட்டம் தேங்கும். மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் உச்சியே மேகத்துக்குள் போய்விடும்.

மாலையிலும் மலைக்கு நிழல் உண்டு. அது கிழக்கே மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகள்மேல் விழுகிறது. ஆனால் அந்தப் பக்கம் தரையே ஆயிரம் மீற்றருக்கு மேலே இருப்பதாலும், அப்பால் ஹோட்டன் சமவெளி மலைகள் தடுப்பதாலும் நிழல் நீண்டு விரிய இடமில்லை. நம் தோட்டப் பாடசாலைகளில் நிழல் பாடத்துக்கு மெழுகுவர்த்தியையும் பந்தையும் வரைந்து காட்டுகிறார்கள். லயத்து வாசலில் நின்றால் தெரியும் மலையே அந்தப் பாடத்தை இவ்வளவு பெரிதாக நடத்துகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அடுத்த பருவத்தில் ஏறுகிறவர்கள் சூரியன் தெரிந்ததும் மேற்குப் பக்கம் வந்துவிடுங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் நிழல் வடமேற்கே சாய்ந்து விழும், மார்ச் 21ஐ ஒட்டி நேர் மேற்கு, ஏப்ரலில் சற்றுத் தெற்கே. கைப்பேசியில் படமெடுக்கும்போது திரையில் நிழலைத் தொட்டால் கேமரா அதை வெளுப்பாக்கிவிடும். பக்கத்தில் வெயில் பட்ட மூட்டத்தைத் தொட்டு எடுங்கள், முக்கோணம் அழுத்தமாக விழும்.