இரும்பு நகரில் இரும்புக்கு ஏங்கும் செடி

கும்மிடிப்பூண்டியில் வீடு கட்டிக் குடியேறிய ஆண்டில், தெற்குச் சுவரை ஒட்டிப் பன்னிரண்டு குட்டை வெட்சிச் செடிகளை நட்டேன். நாள் முழுதும் வெயில் விழும் இடம். ஆண்டு முழுதும் இலை உதிராது, மூன்றடிக்கு மேல் வளராது, பராமரிப்பே தேவையில்லை என்று நாற்றுப்பண்ணையில் சொன்னார்கள். ஆறே மாதத்தில் தளிர்கள் எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்தன. நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. எரு போதவில்லை என்றார்கள், இட்டேன். ஏழு செடிகள் பட்டுப்போயின.

குற்றம் எருவில் இல்லை, சுவரில் இருந்தது. புதிய சிமென்ட் பூச்சிலிருந்தும் மண்ணில் புதைந்த கட்டடக் கழிவிலிருந்தும் சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரத்தன்மைக்கு மாற்றுகிறது. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் கரைவதில்லை; வேர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. தழைச்சத்துக் குறை என்றால் முதலில் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகும். இரும்புக் குறை என்றால் இளந்தளிர்கள். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் ஏழு செடிகள் பிழைத்திருக்கும். உருக்காலைகள் நிறைந்த ஊரில் இரும்பு கிடைக்காமல் ஒரு செடி சாகிறது என்பது வேடிக்கைதான்.

இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி, காப்பியின் குடும்பம். நிரை கவரச் சென்ற மறவர் சூடிய இப்பூவின் பெயரையே தொல்காப்பியர் முதல் புறத்திணைக்குச் சூட்டினார். நாற்றுப்பண்ணைகளில் விற்கும் குட்டை வகைகள் தோட்டக்கலையில் உருவானவை என்றாலும் அவற்றின் குணமும் அதுவே: நல்ல வெயில், நீர் தேங்காத, சற்றே அமிலத்தன்மை கொண்ட செம்மண்.

எஞ்சிய ஐந்தைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நட்டேன். ஒன்றரை அடி ஆழத்துக்குக் கல்லும் காரையும் அகற்றி, செம்மண்ணும் இலைமட்கும் நிரப்பினேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாலை நேரத்தில் இருமுறை இலைமேல் தெளித்தேன். அதனால் இலை பச்சையானது. ஆனால் செடியைக் காத்தது மண் மாற்றமே. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்பதால், இயன்றவரை மழைநீரைச் சேமித்து ஊற்றுகிறேன். இப்போது கோடையில் வாரம் இருமுறை நீர், ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து. பராமரிப்பில்லாச் செடி என்று ஒன்று கிடையாது. முதல் குழியில் உழைப்பைக் கொட்டினால் பின்னர் ஓய்வு கிடைக்கும், அவ்வளவே.

இதை என் வீட்டுக் கதையாக மட்டும் எழுதவில்லை. ஆலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதியில், நிலத்தில் 33 விழுக்காடு பசுமைப் பரப்பாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனையாக இருந்தது. இப்பகுதி ஆலை வாயில்கள் சிலவற்றில் அதே மஞ்சள் தளிர்களைப் பார்க்கிறேன். மதில் கட்டிய ஈரம் காயும் முன் அதன் அடியிலேயே வெட்சி நடப்படுகிறது. செத்தால் மீண்டும் புதிய செடி. பிழைத்தவற்றை மாதந்தோறும் பெட்டிபோல் வெட்டிவிடுகிறார்கள். வெட்சி கிளை நுனியில்தான் பூக்கும். நுனியை வெட்டியபின் பூ எங்கிருந்து வரும், பூவின் நீண்ட குழாயில் தேன் தேடும் வண்ணத்துப்பூச்சிதான் எப்படி வரும்?

எளிதில் வளர்கிறது என்பதற்காக கோனோகார்பஸைத் தேடுவதும் தீர்வல்ல. குஜராத் 2023-இல் அதை நடத் தடை விதித்தது; தமிழ்நாடும் பின்னர் அவ்வழியில் சென்றது. பழவேற்காட்டுப் பக்கம் உப்பேறிய மண்ணில் வெட்சி தேறாது. அங்கே நம் கடலோரப் புதர்க்காட்டுச் சங்கஞ்செடி நிற்கும். வறண்ட மேட்டுக்கு விராலி போதும். மரங்கள் செய்யும் வேலையை இக்குறுஞ்செடிகள் செய்யா. ஆனால் மின்கம்பிக்குக் கீழும், மரம் வைக்க இடமற்ற மதிலோரத்திலும், ஆண்டு முழுதும் இலையோடு நின்று தூசியைத் தாங்குபவை இவைதான்.

சென்ற வாரம் என் ஐந்து செடிகளையும் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், தம் புதிய மதிலோரம் நடக் கன்று கேட்டார். முதலில் மண்ணைத் தோண்டிக் காட்டச் சொன்னேன். அரையடியிலேயே செங்கல் துண்டுகள் வந்தன.