பின்வரிசையில் நின்ற ஒரு தாய்

விளையாட்டுச் செய்திதானே என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், சகோதரிகளே. டென்னிஸ் தெரியாதவர்களும் இதனை வாசிக்கலாம். நானும் அந்த விளையாட்டைப் பற்றி அதிகம் அறிந்தவள் அல்ல. ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்காகத் தொழிலிலிருந்து ஒதுங்கும்போது அவளுடைய இடத்துக்கு என்ன நடக்கின்றது என்ற கேள்விதான் என்னை இவரைப் பற்றித் தேட வைத்தது.

ஜேர்மனிய டென்னிஸ் என்றதும் ஸ்டெபி கிராபின் பெயரே நினைவுக்கு வரும். தத்யானா மரியா அந்த வரிசையைச் சேர்ந்தவர் அல்லர். 1987இல் தென் ஜேர்மனியில் உள்ள பாட் சவுல்கவ் என்ற சிறு நகரில் பிறந்தவர். விளையாட்டு வாழ்வின் பெரும்பகுதியை உலகத் தரவரிசையில் நூறாம் இடத்தை அண்டியும் அதற்குக் கீழேயும் கழித்தவர்.

அந்த இடத்தில் நிற்பது இலகுவானதல்ல. விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் 128 பெண்கள் ஆடுவார்கள். தரவரிசையில் ஏறத்தாழ முதல் நூறு பேருக்கே நேரடி அனுமதி கிடைக்கும். மற்றவர்கள் பெரும்பாலும் தகுதிகாண் ஆட்டங்களில் வென்றே உள்ளே வரவேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. விமானச் சீட்டு, தங்குமிடம், பயிற்றுநர் எல்லாம் சொந்தச் செலவு. கடந்த 52 வாரங்களில் பெற்ற புள்ளிகளைக் கொண்டே தரவரிசை கணிக்கப்படுகின்றது. ஆடாமல் வீட்டில் இருந்தால் பழைய புள்ளிகள் வாரம் வாரமாகக் கழிந்துபோகும். பிரசவத்தின் பின் திரும்புபவர்களுக்கு விசேட ஏற்பாடு ஒன்று உண்டுதான். ஆனால் அதனைக் காட்டிக் குறிப்பிட்ட சில போட்டிகளில் மட்டுமே சேரமுடியும்.

2008இல், இருபது வயதளவில், தத்யானாவின் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. உயிரையே பறிக்கக்கூடிய நோய் அது. அதிலிருந்து மீண்டு மறுபடி ஆட வந்தார். 2013இல் பிரான்ஸ் நாட்டவரான சார்ள்ஸ் எடுவார்ட் மரியாவை மணந்தார். கணவரே பயிற்றுநரும் ஆனார். அவ்வருட டிசம்பரில் மூத்த மகள் பிறந்தாள்.

அந்தக் கர்ப்ப காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. வலக்கையால் ஆடும் அவர், இடப்பக்கம் வரும் பந்தைச் சிறு வயது முதல் இரு கைகளாலும் மட்டையைப் பிடித்தே அடித்து வந்தவர். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, கணவரின் யோசனைப்படி, அதனை ஒற்றைக் கையால் வெட்டி அடிக்கப் பழகத் தொடங்கினார். வருடக்கணக்காக ஊறிய பழக்கத்தை மாற்றுவது தேர்ந்த ஆட்டக்காரருக்கும் கடினமான வேலை. கர்ப்பிணி 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்பவர்கள் இதனைக் கேட்கவேண்டும். புல்தரையில் மேலெழாமல் சறுக்கிச் செல்லும் அந்தப் பந்துதான் பின்னர் அவருடைய பலமாயிற்று.

2018இல், முப்பது வயதில், ஸ்பெயினின் மயோர்க்காவில் முதற்தடவையாக ஒரு பெரிய சுற்றுப்போட்டியை வென்றார். 2021 ஏப்ரலில் இரண்டாவது மகள். மறு வருட ஏப்ரலில் கொலம்பியாவின் பொகோட்டாவுக்குப் போனபோது அவரது இடம் 237. தகுதிகாண் சுற்றில் ஆரம்பித்துக் கிண்ணத்தையே வென்றார்.

அதே 2022இல் விம்பிள்டனுக்கு 103ஆம் இடத்தவராக வந்தார். வயது 34. நான்காம் சுற்றில் ஒஸ்டபென்கோவுடன் ஆடும்போது ஒரு புள்ளி தவறினால் ஆட்டமே போய்விடும் என்ற நிலை இருமுறை வந்தது. அதனையும் தாண்டி அரையிறுதி வரை போனார். இவ்வளவு பேர் வந்தபின் என்ன மாறியது என்று கேட்டவர்களுக்கு, வீட்டில் இன்னமும் நான்தான் பம்பர்ஸ் மாற்றுகிறேன் என்ற பொருளில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அரையிறுதியில் அவரை வென்றவர் துனீசியாவின் ஒன்ஸ் ஜபேர். இருவரும் நெருங்கிய தோழிகள். ஆட்டம் முடிந்ததும் ஜபேர், கைதட்டலைப் பகிர்ந்துகொள்ள, தோற்ற தோழியை மைதானத்தின் நடுவுக்கு அழைத்து வந்தார். அரையிறுதிக்குரிய 535,000 பவுண் பணம் தத்யானாவுக்குக் கிடைத்தது. தரவரிசைப் புள்ளி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரஷ்ய, பெலாருஸ் ஆட்டக்காரர்களை விம்பிள்டன் தடைசெய்ததால் அவ்வருடம் யாருக்குமே புள்ளி வழங்கப்படவில்லை. வாழ்நாளில் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் தரவரிசைக் கணக்கில் சேரவே இல்லை!

2023இல் பொகோட்டாவை மீண்டும் வென்றார். 2025 ஜூனில் இலண்டனின் குயின்ஸ் கழகத்தில், 1973க்குப் பின் முதற்தடவையாக, பெண்களுக்கான போட்டி நடந்தது. அப்போது தத்யானாவின் இடம் 86, வயது 37. மறுபடியும் தகுதிகாண் சுற்றிலிருந்தே தொடங்கினார். ரிபாகினா, கீஸ் போன்ற முன்னணியினரை வென்று, இறுதியில் அமெரிக்காவின் அனிசிமோவாவையும் 6-3, 6-4 எனத் தோற்கடித்தார். இரு மகள்மாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெற்றியோடு 43ஆம் இடத்துக்கு ஏறினார்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2025 மார்ச்சில், ஆட்டக்காரிகளுக்குப் பன்னிரண்டு மாதம் வரை கொடுப்பனவுடன் பிரசவ விடுமுறை வழங்கும் திட்டத்தைப் பெண்கள் டென்னிஸ் சங்கம் அறிவித்திருந்தது. அப்போது தத்யானாவின் மூத்த மகளுக்குப் பதினொரு வயது. இளையவளுக்கு நான்கு வயதாக ஒரு மாதம் இருந்தது.