மாற்றியமைத்த மோட்டார் வண்டிக்கு விலை குறித்தல்

புது நகை வாங்குவோர் பொன்னின் விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கொடுக்கின்றனர். அந்நகையையே மறுநாள் விற்கப் புகுந்தால் பொன்னின் எடைக்கே பணம் கிடைக்கும். செய்கூலி போனது போனதே. தம் விருப்பத்திற்கேற்ப உடல், என்ஜின், இருக்கை முதலிய யாவற்றையும் மாற்றியமைத்துக்கொண்ட மோட்டார் வண்டியை ஒருவர் விற்க முற்படும்போதும் இக்கணக்கே முன்வந்து நிற்கின்றது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நகையிற் பொன்னின் எடையேனும் நிலைத்திருக்கும். வண்டியிலோ, செய்த வேலையே அடிப்படைப் பொருளின் மதிப்பைக் கெடுத்துவிடுதலும் உண்டு. மிகச் சிலவற்றில் அவ்வேலையே மதிப்பைப் பன்மடங்கு உயர்த்துதலும் உண்டு.

இக்கலை செழித்து வளர்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடு, சிறப்பாகக் கலிபோர்னியா மாகாணம். போர்டு நிறுவனத்தார் 1932-ஆம் ஆண்டில், எட்டுச் சிலிண்டர்களை ‘வி’ வடிவில் அமைத்த என்ஜினைக் குறைந்த விலை வண்டியிற் பொருத்தி விற்கலாயினர். அவ்வண்டிகள் பழையனவாகி மலிந்தபோது இளைஞர் அவற்றை வாங்கி, வேண்டாத பகுதிகளைக் கழற்றி எடையைக் குறைத்து, விரைவைக் கூட்டி ஓட்டினர். அவை ‘ஹாட் ராட்’ எனப் பெயர் பெற்றன. வேறு சிலர் விரைவினும் அழகையே விரும்பி, கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்துக் குட்டையாக்கி, உடலைத் தரையோடு தாழ்த்தி, உருவமே வேறாகச் செய்தனர். அவை ‘கஸ்டம்’ எனப்பட்டன.

அவற்றுள் ஒன்றன் வரலாறு கேட்கத்தக்கது. பாப் ஹிரோஹாட்டா என்பவர் தம் 1951-ஆம் ஆண்டு மெர்க்குரி வண்டியை ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்னும் சகோதரரின் பட்டறையில் ஒப்படைத்தார். 1952-இல் அது உருமாறி வெளிவந்து கண்காட்சிகளிற் பெரும்புகழ் பெற்றது. பத்தாண்டு நிறைவதற்குள் அதனை ஓர் இளைஞர் 500 டாலருக்கு வாங்கினார். 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே வண்டி 19,50,000 டாலருக்கு ஏலம் போயிற்று. இரும்பும் அதுவே, கைவேலையும் அதுவே. பட்டறையின் பெயரும் மாறவில்லை. மாறியது, அதனை விரும்புவோரின் தொகையும் அவர்தம் பணப்பையுமே. ஆதலின், விலை என்பது வண்டிக்குள் இட்ட உழைப்பின் அளவு அன்று. இன்று அதனை வேண்டி நிற்போர் எத்துணையர் என்பதன் அளவே ஆகும்.

ஏலச் செய்திகளைப் படிப்போர் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். மேற்கூறிய வண்டியை வாங்கியவர் ஏலக்காரரின் தரகையுஞ் சேர்த்துக் கொடுத்தது 21,45,000 டாலர். 1955-ஆம் ஆண்டின் லிங்கன் பியூச்சுரா என்னும் மாதிரி வண்டியிலிருந்து அதே ஜார்ஜ் பாரிஸ் உருவாக்கிய ‘பேட்மொபைல்’ 2013-இல் 42,00,000 டாலருக்கு ஏலம் போயிற்று. செய்தித்தாள்களில் வந்ததோ 46,20,000. மிகுதி விற்றவர் கைக்கு வருவதன்று. பெரிய எண்ணைக் கண்டு தம் வண்டிக்கு விலை குறிப்போர் முதலில் இங்கேயே வழுக்கி விழுகின்றனர்.

இனிப் புகழின்றித் தம் வீட்டுக் கொட்டகையில் வண்டியை மாற்றியமைத்த ஒருவரை நோக்குவோம். பத்தாண்டு மாலைப்பொழுதுகளையும் சேமிப்பையும் அதில் இட்டவர், இப்போது மருத்துவச் செலவிற்காக அதனை விற்கின்றார். மாற்றாத வண்டியின் சந்தை விலை 20,000 டாலர் என்றும், அவர் செலவிட்டது 40,000 என்றும் கொள்வோம். இரண்டையுங் கூட்டி 60,000 என எழுதிவிட அவர் கை துடிக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அன்றோ? வருவோர் 30,000-க்குக் கேட்பர். இதனை அவர் அவமதிப்பாகக் கொள்ளுதல் இயல்பே. ஆனால் கேட்டவர் அவரது பத்தாண்டுகளை விலைபேச வரவில்லை, வண்டியையே விலைபேச வந்தார்.

அவர் செய்யத்தக்கது, செய்த வேலைகளைப் பிரித்துப் பார்த்தலே. நல்ல பிரேக்கு, சூடேறாத ரேடியேட்டர், ஒழுங்காக இழுத்த மின்கம்பிகள் ஆகியவற்றை யாவரும் விரும்புவர். அவற்றிற்கு இட்ட பணத்தில் ஒரு பகுதி மீளும். கத்தரிப்பூ வர்ணமும் பாம்புத்தோல் போன்ற இருக்கையும் ஒருவர் சுவைக்கே உரியன. வாங்குவோர் அவற்றை மாற்றுஞ் செலவைக் கழித்தே பேசுவர். மீட்க இயலாதபடி உடலை அறுத்திருந்தால், பழைய உருவை நாடுவோர் வரவே மாட்டார். கழற்றிய மூலப்பகுதிகளைப் பரண்மேல் வைத்திருப்பவர் பாக்கியவான். 1932 போர்டு வண்டியாயின், உடல் அக்காலத்து எஃகோ, பிற்காலத்தில் செய்த எஃகோ, கண்ணாடியிழையோ என்பதே பேரத்தின் முதற்கேள்வி. பதிவுச்சீட்டில் உள்ள ஆண்டும் எண்ணும் வண்டியோடு ஒவ்வாவிடில், எத்துணை அழகிருந்தும் பயனில்லை.

இன்ஷியூரன்சுக்காக மதிப்பீட்டாளர் எழுதித் தந்த தாளைக் காட்டி விலை கேட்பாரும் உளர். அத்தாள் பெரும்பாலும், வண்டி எரிந்துபோனால் அதுபோல் மற்றொன்று செய்ய என்ன ஆகும் என்பதையே கூறும். வாங்க ஆள் உண்டு என்று கூறாது. விளம்பரங்களில் பிறர் கேட்கும் விலையும் அத்தகையதே. விற்று முடிந்த விலைகளே சான்றாகும். முற்றிலும் ஒத்த வண்டி கிடைப்பது அரிதாகையால், ஒத்த காலமும் ஒத்த வகையும் உடைய நான்கைந்தைக் கொண்டு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுதல் போதும்.

அவ்வெல்லையின் அடிக்கோடு எது? இங்கே மனத்தை வருத்தும் கணக்கொன்று உளது. என்ஜின், கியர்பெட்டி, சக்கரங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே விற்றால் வருந்தொகை சிலவேளை முழு வண்டியின் விலையை மிஞ்சும். பத்தாண்டுகளிற் கூட்டியதைப் பத்து நாளிற் பிரிக்க எவருக்கு மனம் வரும்? பலர் மறுத்து, குறைந்த விலைக்கேனும் முழுதாகவே கொடுப்பர். அஃது அறிவீனம் என யான் கருதவில்லை. ஆனால் அதற்கு எத்துணை டாலர் இழக்கின்றோம் என்று அறிந்தே இழத்தல் வேண்டும். ஆகையால் உதிரிக் கணக்கையும் எழுதி, இதற்குக் கீழே கொடேன் என்னும் தொகையை முதல் ஆள் வருமுன்னரே குறித்து வைத்தல் நன்று. ஏலத்திற்கு விடுவோர் அத்தொகையைத் தரகு கழித்துக் கணக்கிட்டு ஏலக்காரரிடம் முன்னதாகவே எழுத்தில் கொடுத்துவிடலாம்; கேள்வி அதனை எட்டாவிடில் வண்டி மறுபடியும் கொட்டகைக்கே வந்து சேரும்.