தாயின் அருகிலா? சேயின் அருகிலா?

"எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர்கள்?" என்று உயிரியல் ஆசிரியை கேட்டால், எங்கள் வகுப்பில் அநேகமாக எல்லோரும் சொல்லும் விடை "டொக்டர்" என்பதுதான். வைத்திய பீடத்துக்குத் தெரிவாகும் சிலரைத் தவிர, மற்றவர்கள் அதன்பின் வேறு எதையும் யோசிப்பதில்லை. ஆனால் ஒரு பிரசவத்தின்போது தாயையும் சேயையும் மணிக்கணக்கில் பிரியாமல் நிற்பவர்கள் மருத்துவிச்சியும் தாதியும்தான். இவ்விரு தொழில்களையும் ஒன்றென்றே நானும் நினைத்திருந்தேன். என் தம்பி 32ஆவது வாரத்தில், குறைமாதத்தில் பிறந்தபோதுதான் வேறுபாடு விளங்கியது. உம்மா ஒரு விடுதியில், தம்பி இன்னொரு பிரிவில். இருவர் அருகிலும் வெவ்வேறு பயிற்சி பெற்ற பெண்கள்.

மருத்துவிச்சியின் பணி

பிரசவம் நோயல்ல. பெரும்பாலான பிரசவங்கள் இயல்பாகவே நடந்தேறக்கூடியவை. அந்த இயல்பைக் குழப்பாமல் துணை நிற்பதும், அது பிசகும் கணத்தை முதலில் கண்டுகொண்டு வைத்தியரை அழைப்பதுமே மருத்துவிச்சியின் திறமை. வலி எத்தனை நிமிடங்களுக்கு ஒருமுறை வருகிறது, கருப்பை வாய் 10 சென்ரிமீற்றரை நோக்கி எவ்வளவு விரிந்துள்ளது, குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரையான அளவில் துடிக்கிறதா என்பவற்றை அவர் தொடர்ந்து கவனித்து வரைபில் குறிக்கிறார். குழந்தை பிறந்த பின்பும் அவரது கை தாயின் வயிற்றின் மீதே இருக்கும். கருப்பை இறுகாவிட்டால் சில நிமிடங்களில் பெருமளவு இரத்தம் வெளியேறிவிடும்.

வைத்தியசாலைக்கு வெளியேயும் இவர்கள் இருக்கிறார்கள். நாம் "மிட்வைஃப் மிஸ்" என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் சுமார் 3,000 பேர் வாழும் பிரிவொன்றுக்குப் பொறுப்பானவர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, கிளினிக்குக்கு வரவழைப்பது, பிரசவத்தின் பின் வீடு தேடிச் சென்று தாய்ப்பாலூட்டலைக் கவனிப்பது எல்லாம் அவரது கடமை. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அந்த எண்ணிக்கை 50க்கும் குறைவு. மலேரியாக் கட்டுப்பாடு, இலவச வைத்தியம், பெண்கல்வி ஆகியவற்றோடு, படியேறி வந்த இந்த மருத்துவிச்சிகளும் அதற்குக் காரணம்.

சிசுப் பராமரிப்புத் தாதியின் பணி

37 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தையே குறைமாதக் குழந்தை. அதன் நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பதார்த்தம் போதியளவு சுரந்திராது. உறிஞ்சுவது, விழுங்குவது, சுவாசிப்பது ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் ஆற்றல் ஏறத்தாழ 34 வாரங்களில்தான் கைகூடும். அதனால்தான் என் தம்பிக்கு உம்மாவின் பாலைக் குழாய் வழியே கொடுத்தார்கள். உடல் வெப்பநிலை 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே போகாமல் காக்க வேண்டும். சில குழந்தைகள் திடீரென மூச்செடுக்க மறந்துவிடும். அப்போது தாதி பாதத்தை மெல்லத் தேய்த்து நினைவூட்டுவார். செங்கமாரி கண்டால் கண்களை மறைத்து நீல ஒளியின் கீழ் கிடத்துவார். மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

எல்லாம் இயந்திரம் என்று எண்ண வேண்டாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்கியுபேற்றர்கள் போதாமல் போனபோது, குழந்தையைத் தாயின் மார்போடு தோல் தொட அணைத்து வைக்கும் "கங்காரு பராமரிப்பு" தொடங்கியது. இன்று உலகெங்கும் அது சிகிச்சையாக ஏற்கப்பட்டுள்ளது. பயந்து நிற்கும் தாயின் நெஞ்சில் அந்தச் சிறு உடலை முதன்முதலில் வைப்பவர் தாதியே.

வழிகள்

அரச தாதியர் கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா உண்டு. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்களில் தாதியர் பட்டப்படிப்பும் உண்டு. தாதியாகிய பின்னரே சிசுப் பராமரிப்பில் மேலதிகப் பயிற்சி பெறலாம். மருத்துவிச்சிக்கு 18 மாதத் தனிப் பயிற்சி இருக்கிறது. தாதியாகிய பின் மருத்துவிச்சிப் பயிற்சி பெறுவோரும் உளர். எனவே சிசுப் பராமரிப்பை விரும்புபவர் தாதியர் துறையையே முதலில் தெரிவு செய்ய வேண்டும். தேவையான பாடங்களை விண்ணப்பம் கோரும் வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தெரிவு செய்வது?

நம்மை நாமே சில கேள்விகள் கேட்கலாம். பேசத் தெரியாத உயிரின் நிறத்தையும் மூச்சையும் பார்த்தே அதன் தேவையை அறியும் பொறுமை உண்டா? எண்களில் பிழை விடாத கவனம் உண்டா? அப்படியானால் சிசுப் பிரிவு பொருந்தும். வலியில் கத்தும் ஒருவருக்குக் கோபப்படாமல் ஆறுதல் சொல்லவும், கணப்பொழுதில் முடிவெடுக்கவும் முடியுமா? அப்படியானால் மருத்துவிச்சிப் பணி பொருந்தும். இரண்டிலும் மரணத்தையும் காண நேரும். மறுநாள் காலையில் அதே வாசலால் மீண்டும் உள்ளே போகவும் வேண்டும்.

இரண்டிலும் மொழியும் முக்கியம். வலி எங்கே என்று தமிழில் மட்டும் சொல்லத் தெரிந்த தாய், அதை விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லாத விடுதியில் தவிப்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். சிங்களமும் கற்று அங்கே நிற்கும் ஒரு தமிழ் பேசும் பெண்ணின் பெறுமதி பெரிது.

"பொம்புளப் புள்ளய ராவு வேலைக்கு அனுப்புறதா?" என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். பிரசவத்துக்குப் பெண்தான் வேண்டும் என்று கேட்கும் நாம், அந்தப் பெண் யாருடைய மகளாக இருக்க வேண்டும் என்று யோசிப்பதில்லை. குழந்தைகள் பகலில் மட்டும் பிறப்பதுமில்லை.

வாப்பா தயங்கியபோது பேசியவர் உம்மாதான்: "புள்ளயப் பாக்க அத்தன பேர் ஓடினாங்க. என்ட கையப் புடிச்சிக்கிட்டு நின்டது அந்த மிட்வைஃப் புள்ள ஒருத்திதான். அவக்கும் வாப்பா இருந்திருப்பார்தானே?"

வாப்பா அதற்குப் பின் ஒன்றும் சொல்லவில்லை. நான் மருத்துவிச்சியாகவே விரும்புகிறேன். என் பக்கத்துக் கதிரைத் தோழியோ சிசுப் பிரிவுக்குத்தான் போவாளாம். நல்லது. ஒரு பிரசவத்துக்கு எங்கள் இருவருமே வேண்டும்.