கொடிமுந்திரிகை வைரசுகளின் பிறப்புரிமை வேறுபாடு

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள கப்பல்துறை என்னும் ஊர், கலம் வந்தடையும் இடம் என்பதைத் தன் பெயராலேயே உணர்த்தும். கலத்தில் வரும் சரக்கை எண்ணலாம், நிறுக்கலாம். ஆயின், நடுதற்கெனக் கொணரும் ஒரு சாண் தண்டினுள் மறைந்து வரும் வைரசைக் கண்ணாற் கண்டு விலக்குதல் இயலாது. திராட்சை எனவும் வழங்கும் கொடிமுந்திரிகை இதற்குத் தக்க சான்றாகும்.

யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலும் பயிராகும் இக்கொடி, விதையினாலன்றித் தண்டுத் துண்டினாலேயே பெரிதும் பெருக்கப்படுகின்றது. தாய்க்கொடியின் இனிமையை நாடித் துண்டு பெறுவோன் அதன் நோயையும் உடன் பெறுகின்றான். இக்கொடியில் 80க்கும் மேற்பட்ட வைரசுகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் இலைச்சுருள் நோயை விளைப்பன கொடியன. கருங்கனி வகைகளில் இலை சிவந்து, ஓரம் கீழ்நோக்கிச் சுருளும், கனி பிந்திப் பழுக்கும், இனிப்புங் குன்றும். 2012ஆம் ஆண்டளவில் மகாராட்டிர மாநிலத்து நாசிக், புனே ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் இந்நோய்க்குரிய 1ஆம், 3ஆம் இலக்க வைரசுகள் கண்டறியப்பட்டன. மாவுப்பூச்சிகள் இவற்றைக் கொடிக்குக் கொடி பரப்புகின்றன.

3ஆம் இலக்க வைரசின் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 18,500 எழுத்துக்களாலான ஆர்.என்.ஏ. இழையிலே அமைந்துள்ளது. அதனைப் படியெடுக்கும் நொதியத்துக்குப் பிழை திருத்தும் ஆற்றல் இல்லை. ஆதலின், படிதோறும் பிழை புகுதற்கு இடமுண்டு. அப்பிழைகளுட் பெரும்பாலன அழிந்தொழியும், சில நிலைபெறும். ஒரே கொடியில் இரு வகைகள் கூடியிருப்பின், அவற்றின் இழைத்துண்டுகள் தம்முட் கலந்து புதுவகை தோன்றலும் உண்டு. இவ்வைரசின் சில வகைகளை ஒப்பிடின் நூற்றுக்கு 25க்கும் மேற்பட்ட எழுத்துக்கள் வேறுபடுகின்றன. கொடியோ தண்டினாற் பெருகுதலின் தலைமுறைதோறும் ஏறக்குறைய ஒரே தன்மையதாய் நிற்கின்றது. நிற்பது பயிர், மாறுவது பகை.

இவ்வேறுபாடு ஆய்வுகூடத்து அறிஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. வைரசின் குறித்ததொரு எழுத்துத் தொடரைத் தேடியே நுண்ணிய சோதனைகள் நோயை அறிகின்றன. அத்தொடர் மாறிய வகையொன்று வருமாயின், நோயுற்ற கொடியும் நோயற்றதெனச் சான்று பெறும். அக்கொடியிலிருந்து வெட்டிய துண்டுகள் பல தோட்டங்களுக்குச் செல்லும். பல்லாண்டு பயன்தர வேண்டிய பந்தலின் இழப்பு உழவனையே சாரும். நோயுற்ற கொடியைத் தோட்டத்தில் வைத்துக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை.

ஆதலின், வகைகள் பலவற்றுக்கும் பொதுவாய், எளிதில் மாறாத தொடர்களைத் தேர்ந்து சோதித்தல் வேண்டும். சோதனையும் ஒன்றோடு அமையாமை நன்று. சிறந்த வகையொன்று நோயுற்றிருப்பின், வெப்பமூட்டியும் நுனிக்குருத்தை வளர்த்தும் வைரசு நீங்கிய தாய்க்கொடியைப் பெறலாம். இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டுச் செடிகளின் வரவைக் கட்டுப்படுத்துகின்றது. துறைமுகத்துக் காவலும் தூய தாய்க்கொடியும் ஒருங்கு அமையும்போதே அயலவன் அன்புடன் அளிக்கும் ஒரு துண்டு, பெறுவோனுக்கு நன்மையாக முடியும்.